உப்புக் காற்றில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: கூலர் மாற்றிய கதையும் கணக்கும்

கிராபிக்ஸ் கார்டில் வேறு கூலர் மாட்டுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும் என்று அவற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பதிவு அதைப் பற்றி மட்டும் இல்லை. சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது, அந்த வழியில் எங்கே அடைப்பு விழும் என்பதுதான் இங்கே பேச்சு. கூடவே, தூத்துக்குடி மாதிரி ஒரு ஊரில் இந்த வேலையைச் செய்தால் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன். நான் தப்பு செய்து கற்றுக்கொண்டதால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கார்டு எதற்கு?

நான் விளையாட்டுப் பிரியன் கிடையாது. முத்துக்குளித்துறை பற்றிய பழைய அறிக்கைகளைப் படிப்பது என் ஓய்வு நேரப் பைத்தியம். ஜேம்ஸ் ஹார்னெல் 1922இல் மதராஸ் மீன்வளத் துறைக்காக எழுதிய மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு அறிக்கை, ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை இலங்கை அரசுக்காக ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கை, இந்த மாதிரி. எந்த வருடம் எந்தப் பாரைச் சோதித்தார்கள், சிப்பி இருந்ததா, எவ்வளவு வயது, குளிப்பு நடந்ததா என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். தோலாயிரம் பார் மாதிரியான பெயர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் வரும்.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு வருடா வருடம் நடந்த சங்கதி இல்லை. சில வருடம் சிப்பி குவியும், அப்புறம் பல வருடம் பார் வெறுமையாகக் கிடக்கும். இந்தியப் பக்கத்தில் 1955இல் ஆரம்பித்த வரிசை 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு இயற்கைச் சிப்பியை நம்பிப் பெரிய குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது வேறு அத்தியாயம். என் ஆசை எல்லாம், பழைய அட்டவணைகளை முழுக்க எண்களாக மாற்றி ஒரே கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான்.

கையால் தட்டினால் ஆயுசு போதாது. சாதாரண எழுத்துணரி மென்பொருள் பூச்சி அரித்த பக்கத்தில் 3ஐ 8 என்று வாசிக்கும். அதனால் அந்த அச்செழுத்துக்கென்றே ஒரு சின்ன நரம்பியல் வலையைப் பயிற்றுவிக்க நினைத்தேன். அதற்குத்தான் கார்டு.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்து நாணயம் தோண்டும் வேலையை நிறுத்தியது. அதற்கப்புறம் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. சென்னை ரிச்சி தெருவில் பதினோராயிரம் ரூபாய்க்கு ஒரு ஜிடிஎக்ஸ் 1070 வாங்கினேன். 8 ஜிபி நினைவகம், 150 வாட். பின்பக்கம் ஒரே ஒரு உருளை விசிறி. அது உள்ளே காற்றை உறிஞ்சி, கார்டின் ஓரத்து ஓட்டை வழியாக வெளியே ஊதும். இதை ப்ளோயர் என்பார்கள்.

ஏப்ரல் மாதம், அறை வெப்பம் 32 டிகிரி. அரை மணி நேரம் முழு வேலை கொடுத்தேன். சில்லு 83 டிகிரிக்குப் போய் அங்கேயே நின்றது. நின்றதற்குக் காரணம் கூலரின் திறமை இல்லை. 83ஐத் தாண்டாதபடி கார்டே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. விசிறிச் சத்தத்தில் அடுத்த அறையில் அம்மா, "மிக்சி ஓடுதாடே இன்னும்?" என்று கேட்டார்கள். சரி, கூலரை மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கார்டின் சில்லு 314 சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 150 வாட்டில் சுமார் 120 வாட் இந்தச் சில்லில் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 38 வாட். வீட்டில் இருக்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். அதாவது இஸ்திரிப் பெட்டியைப் போல ஏழெட்டு மடங்கு நெருக்கமான சூடு இந்தச் சில்லில் பிறக்கிறது.

இந்தச் சூடு சில்லிலிருந்து கூலரின் செம்பு அடிப்பாகத்துக்குப் போக வேண்டும். இரண்டு பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். பள்ளத்தில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டருக்கு 0.026 வாட், செம்பு ஏறத்தாழ 400. நடுவில் 0.05 மி.மீ. காற்று மட்டும் இருந்தால், அந்த இடைவெளியைக் கடக்கவே 700 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தேவைப்படும். சில்லு அதற்கு முன்பே செத்துவிடும். அதே இடைவெளியில் திறன் 5 உள்ள தெர்மல் பேஸ்ட் இருந்தால் 4 டிகிரி போதும்.

இதிலிருந்து ஒரு பாடம். பேஸ்ட்டின் வேலை பள்ளத்தை நிரப்புவது. தடிமனாகப் பூசினால் செம்புக்கும் சில்லுக்கும் நடுவே அதுவே சுவராக நிற்கும். இன்னொரு பக்கம், இந்தச் சில்லுக்கு மேலே பிராசசரில் இருப்பது போல உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஓரத்தில் ஒரு இடம் பேஸ்ட் படாமல் விட்டுப்போனால் அந்த மூலை மட்டும் கொதிக்கும். அதனால் பிராசசருக்குச் சொல்லும் 'நடுவில் பட்டாணி அளவு' என்ற கணக்கை இங்கே நம்பாமல், மெல்லிசாகப் பரப்பிவிடுவது நல்லது.

ஹீட் பைப்பும் அனல்மின் நிலையமும்

செம்பு அடிப்பாகத்திலிருந்து மேலே அலுமினியத் தகடுகளுக்குச் சூட்டை எடுத்துப்போவது ஹீட் பைப். பலரும் அதைக் கெட்டியான செம்புக் கம்பி என்று நினைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம். காற்றை எடுத்துவிட்டு சில துளி தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டிய பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது, 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகும். பஞ்சுப் படலம் அதை மறுபடி சூடான முனைக்கு இழுத்துவரும். பம்ப் கிடையாது, மின்சாரமும் வேண்டாம்.

இதே காரியத்தைப் பெரிய அளவில் பார்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு துறைமுகச் சாலை பக்கம் போனால் போதும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1050 மெகாவாட். முதல் அலகு 1979இல் ஓட ஆரம்பித்தது. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கண்டென்சர் என்ற பெரிய தொட்டியில் குறைந்த அழுத்தத்தில் தண்ணீராக்குகிறார்கள். அந்தத் தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் கடல்நீர். ஆவி சூட்டைக் கொடுக்கிறது, கடல் வாங்கிக்கொள்கிறது. அங்கே கடல்நீர் செய்யும் வேலையை நம் கார்டில் விசிறிக் காற்று செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு இடத்திலும் ஒரே விதி: கூலர் எதையும் 'குளிர்விப்பது' கிடையாது. சுற்றியிருக்கும் காற்றைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். பழைய ப்ளோயரில் 32க்கு 83, அதாவது 51 டிகிரி மேலே. புதிய கூலரில் 30 டிகிரி மேலே நின்றால், அறை 31 இருக்கும்போது 61, அக்னி நட்சத்திரத்தில் அறை 36 ஆனால் 66. ஆகவே அளக்கும்போது அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். அறை வெப்பம் சொல்லாமல் "எனக்கு 60தான் வருது" என்பதற்கு அர்த்தமே இல்லை.

நான் செய்த தப்பு

தனியாக வாங்கி மாட்டும் கூலர்கள் பல வகை. ஆர்க்டிக்கின் அக்செலெரோ வரிசை, 12 ஹீட் பைப்புடன் வரும் ரைஜின்டெக் மார்ஃபியஸ், பிராசசருக்கான தண்ணீர்க் கூலரைக் கார்டில் பிடித்துவைக்க உதவும் என்செட்எக்ஸ்டி க்ராக்கன் ஜி12 சட்டம் என்று. நான் வாங்கியது எது என்று சொல்லப்போவதில்லை. நடந்த தப்பில் கூலருக்குப் பங்கில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது மூன்று. சில்லைச் சுற்றியுள்ள நான்கு ஓட்டைகளின் இடைவெளி கூலரோடு பொருந்துகிறதா? தடிமனுக்கு கேபினட்டில் இடம் இருக்கிறதா? விசிறி வயரின் முனை பொருந்துமா? கார்டில் இருக்கும் நான்கு ஊசி இணைப்பு மதர்போர்டில் இருப்பதைவிடச் சின்னது, அதற்குத் தனி மாற்று வயர் வேண்டும்.

பழைய கூலரைக் கழற்றியபோது, அதோடு சேர்ந்து ஒரு பெரிய அலுமினியத் தகடும் வந்தது. சில்லைச் சுற்றி இருக்கும் எட்டு நினைவகச் சில்லுகளையும், மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் பகுதியையும் அந்தத் தகடுதான் பேட் வழியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய கூலர் நடுச்சில்லை மட்டும் பிடிக்கும். மற்றவற்றுக்கு என்று சின்னச் சின்ன அலுமினிய ஹீட்சிங்குகள், ஒட்டிக்கொள்ளும் பசையோடு.

ஒட்டினேன். மாட்டினேன். ஓட்டினேன். அறை 31, சில்லு 61. வேகம் 1,650 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து 1,850க்குப் போனது. சத்தமே இல்லை. பெருமையாக ஒரு திரைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். இரவு பயிற்சியை ஓடவிட்டு, அது முடிந்ததும் தானாகவே பக்கங்களை வாசிக்கும்படி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இரண்டாம் நாள் இரவு 'டிங்' என்று கேபினட்டுக்குள் ஒரு சத்தம். எலி என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் திரை கறுப்பு, விசிறிகள் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தன. திறந்து பார்த்தால் கேபினட்டின் தரையில் ஒரு ஹீட்சிங்க் கிடக்கிறது. மின்மாற்றப் பகுதியிலிருந்து விழுந்தது. இன்னொன்று ஒரு பக்கம் தொங்குகிறது.

இங்கே இரண்டு விஷயம் எனக்கு உறைத்தது. ஒன்று, கார்டை மேசையில் வைத்து ஒட்டும்போது ஹீட்சிங்க் மேலே உட்கார்ந்திருக்கும். கேபினட்டில் மாட்டியதும் கார்டு தலைகீழ். சில்லுப் பக்கம் கீழே பார்க்கும். அத்தனை ஹீட்சிங்கும் சூட்டில் இளகும் பசையை நம்பி வௌவால் மாதிரித் தொங்குகின்றன. இரண்டு, பழைய பேட்டிலிருந்து கசிந்த சிலிக்கான் எண்ணெயை நான் சரியாகத் துடைக்கவில்லை. பேப்பரில் ஒரு இழு இழுத்துவிட்டு ஒட்டிவிட்டேன். எண்ணெய் மேல் எந்தப் பசை நிற்கும்?

யாரும் பார்க்காத சூடு

அந்த மின்மாற்றப் பகுதிக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? சில்லுக்கு வேண்டியது சுமார் 1 வோல்ட். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். 120 வாட்டை 1 வோல்ட்டில் கொடுக்க 120 ஆம்பியர் வேண்டும். வீட்டு மெயின் ஸ்விட்சைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். இந்த மாற்றத்தில் பத்து சதவீதம் வீணானாலே 13 வாட் சூடு. அதை அரை நகம் அளவுள்ள சில மாஸ்ஃபெட்கள் சுமக்கின்றன.

மோசம் என்னவென்றால், இந்த மாதிரிக் கார்டில் நமக்குக் காட்டப்படும் வெப்பநிலை நடுச்சில்லுடையது மட்டும். நினைவகத்துக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் அளவி நமக்குத் தெரியாது. நான் 61ஐப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒன்று வெந்துகொண்டிருந்தது.

இது என்னைப் போன்ற அரைகுறைக்கு மட்டும் நடப்பதில்லை. 2016 கடைசியில் ஈவிஜிஏ நிறுவனத்தின் சில 1070, 1080 கார்டுகளில் இதே பகுதி அதிகம் சூடாவதாகப் புகார் கிளம்பியது. அந்த நிறுவனம் விருப்பப்பட்டவர்களுக்கு இலவசமாகத் தெர்மல் பேட் அனுப்பியது, விசிறி வேகத்தை ஏற்றும் புதிய பயாஸும் கொடுத்தது. அடுத்து வந்த அவர்களுடைய கார்டுகளில் நினைவகம், மின்மாற்றப் பகுதிக்கெல்லாம் சேர்த்து ஒன்பது அளவிகள் வைத்தார்கள்.

எனக்கு நட்டம் கார்டு இல்லை. தகடு விழுந்த இடத்தில் ஷார்ட் ஆகாதது அதிர்ஷ்டம், கார்டு பிழைத்துக்கொண்டது. பயிற்சியை இடையிடையே சேமிக்கவில்லை, ஒன்றரை நாள் போனது. இருபது வருடமாக மென்பொருள் எழுதுபவன் செய்யக்கூடாத காரியம், வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு. அதற்கு முந்தைய இரவு வாசித்து முடித்த நாற்பது பக்க எண்கள் என் கோப்பில் இருந்தன. சூடேறிய நினைவகம் ஒரு பிட்டைத் தப்பாகக் கொடுத்தால், அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் நினைவகம் இந்த வகைக் கார்டில் இல்லை. நிரல் நிற்காமல் ஓடி, 3ஐ 8 என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நூறு வருடத்துக்கு முன் ஒருவர் படகில் போய், ஆளை இறக்கி, சிப்பியை எண்ணி எழுதிய கணக்கு அது. என் சோம்பேறித்தனத்தால் அதில் ஒரு பொய் எண் நுழைந்து, அதை நான் இணையத்தில் போட்டு, இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால்? நாற்பது பக்கத்தையும் அழித்தேன்.

அண்ணாச்சி சொன்னது

கார்டை எடுத்துக்கொண்டு டபிள்யூ.ஜி.சி. ரோடு பக்கம் இருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். டிவி ரிப்பேர்தான் பலகையில் இருக்கும். உண்மையில் அவருக்கு வேலை விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டும் எக்கோ சவுண்டரும்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் கார்டைப் பார்த்தார்.

"இது எங்கன வச்சிருக்கீய தம்பி?"

"மாடி ரூம்ல, அண்ணாச்சி. கிழக்குப் பார்த்த ஜன்னல்."

"அதான பாத்தேன். கடக்காத்து நேரா அடிக்கும். இங்கன பாருங்க, ஸ்க்ரூ ஓரம் பச்ச பூத்திருக்கு. தெனமும் ஓட்டுவீயளா?"

"வேலை இருந்தா ஓட்டுவேன். இல்லைன்னா நாலஞ்சு நாள் ஆஃப்லயே கிடக்கும்."

"ஓடுத செட்டு கெடாது தம்பி. சும்மா கெடக்க செட்டுதான் கெடும். போட்டுக்காரன்ட்டயும் அதத்தான் சொல்லுதேன். தடைக்காலத்துல கரையில கெட்டிப் போட்டாம்னா, அம்புட்டு செட்டும் எங்கிட்ட வந்திரும்."

அவர் அனுபவத்தில் சொன்னது. ஏன் என்று நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். விடை உப்பளத்தில் இருக்கிறது.

சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிச்சமாகும் கசப்பு நீரை வடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது கலந்தால் உப்பு மூட்டை எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். கடல் காற்றில் வரும் நுண்துளியில் இரண்டும் உண்டு. எங்கள் ஊரில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்குவது அபூர்வம், விடியற்காலையில் 80ஐத் தொடுவது சாதாரணம். ஆக, தூத்துக்குடியில் கார்டு மேல் படியும் தூசி என்பது பார்க்கக் காய்ந்த தூசி, நடத்தையில் ஈரத் துணி. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்.

கார்டு ஓடும்போது அதன் பரப்பு 50, 60 டிகிரி. அதை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் மிகவும் கீழே போய்விடும், உப்பு காய்ந்திருக்கும். நிறுத்திக் குளிர்ந்ததும் மறுபடி இழுக்கும். அடுத்த முறை பட்டனை அழுத்தும்போது ஈர உப்பின் மேல் 12 வோல்ட் பாயும். அண்ணாச்சி சொன்னது அச்சுப் பிசகாமல் சரி.

இன்னொன்று, செம்பும் அலுமினியமும் தொடும் இடம். உப்பு ஈரம் நடுவில் வந்தால் அதுவே ஒரு பேட்டரி. அலுமினியம் தன்னைக் கொடுத்து அரிந்துபோகும், வெள்ளைப் பொடி பூக்கும். அதனால்தான் ஹீட் பைப்புக்கு நிக்கல் முலாம் பூசிய கூலர் கடலோர ஊருக்கு நல்லது. இந்த உலோக அரிப்பை ஆராயவே நம் பக்கத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அதன் கடல்சார் மின்வேதியியல் மையம் தூத்துக்குடி துறைமுகப் பகுதியில்தான் இருக்கிறது. கப்பலுக்கும் பாலத்துக்கும் இருக்கும் பிரச்சினைதான், என் மேசைக்கும் வந்திருக்கிறது.

இரண்டாம் முறை செய்தது

1. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து முழுக் கார்டையும் கழுவினேன். பேட் இருந்த ஒவ்வொரு இடத்தையும் துணியில் பிசுபிசுப்பு வராத வரை திரும்பத் திரும்பத் துடைத்தேன். அரை நாள் காயவிட்டேன்.

2. மாஸ்ஃபெட்களுக்குத் தனித்தனி ஹீட்சிங்க் வேண்டாம் என்று, 3 மி.மீ. அலுமினியப் பட்டையில் ஒரே துண்டு வெட்டி, கார்டில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் நைலான் வாஷரோடு ஸ்க்ரூ போட்டுப் பிடித்தேன். நடுவில் தெர்மல் பேட். பசையை நம்பவில்லை. பட்டையின் ஓரம் வேறு எந்தக் காலையும் தொடவில்லை என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்.

3. நினைவகச் சில்லுகளுக்குப் பசை ஹீட்சிங்கே போதும் என்று விட்டேன், ஆனால் இந்த முறை சுத்தமான பரப்பில். ஒரு சில்லுக்கு இரண்டு வாட் அளவுதான். பேட் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தான் வருகிறது. ஒட்டியபின் ஒரு நாள் கார்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன்.

4. நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, ஒரு தடவைக்கு அரைச் சுற்று மட்டும் இறுக்கினேன். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் வெறும் சிலிக்கானின் விளிம்பு உடையும். மின்சார ஸ்க்ரூ டிரைவர் கூடவே கூடாது.

5. புதிய கூலர் கனம். கார்டின் ஓரம் தொங்காமல் இருக்க கீழே ஒரு முட்டுக் கொடுத்தேன்.

6. கேபினட் காற்று. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ப்ளோயர் சூட்டை வெளியே ஊதியது. புதிய கூலர் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. கார்டு 150, மற்றவை 100, மொத்தம் 250 வாட். நிமிடத்துக்கு 30 கன அடி காற்று மட்டும் ஓடினால் உள்காற்று அறையைவிட 15 டிகிரி கூடும். 60 கன அடி ஆக்கினால் அது பாதியாகும். முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று வைத்தேன். முன்விசிறிகளுக்குத் துணி ஃபில்டர். உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால், மற்ற சந்துகளில் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது.

7. கேபினட்டை ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன். ஓட்டாத நாளிலும் கம்ப்யூட்டரைச் சும்மா இருக்கும் நிலையில் விட்டுவிடுகிறேன். மின்கட்டணம் கொஞ்சம் கூடும். ஊருக்குப் போனால் சிலிக்கா ஜெல் பையோடு மூடிக் கட்டிவிட்டுப் போகிறேன்.

படகு செட்டுகளுக்கு அண்ணாச்சி பலகை மேல் வார்னிஷ் மாதிரி ஒரு அக்ரிலிக் பூச்சு அடிப்பார். கார்டுக்கும் அடிக்கலாம். இணைப்பு ஊசிகளிலும் சில்லு மேலும் படாமல் மறைக்க வேண்டும், அப்புறம் பழுது பார்ப்பது கஷ்டம். எனக்குக் கை நடுங்கியது, விட்டுவிட்டேன்.

இப்போது அறை 33 இருக்கும்போது சில்லு 64. மாஸ்ஃபெட் பட்டையின் மேல் ஒரு சின்ன வெப்பமானி வயரை ஒட்டியிருக்கிறேன், முழு வேலையில் 71 காட்டுகிறது. காட்டாத எண்ணை நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பிரஷ் போடுகிறேன். பதினாலு மாதம் ஆகிறது, தகடுகளின் அடியில் ஓரிடத்தில் வெள்ளைப் பொடி லேசாகத் தெரிகிறது. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசித்த எண்களுக்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு வெவ்வேறு நாளில் வாசிக்க வைத்து, இரண்டு கோப்பையும் ஒப்பிடுகிறேன். வேறுபட்டால் கண்ணால் பார்க்கிறேன். அட்டவணையின் அடியில் அச்சிட்ட கூட்டுத்தொகை இருந்தால் அதோடும் சரிபார்க்கிறேன். அழித்த நாற்பது பக்கங்களின் பழைய நகல் ஒன்று பேக்கப்பில் கிடந்தது. ஆர்வத்தில் புதியதோடு ஒப்பிட்டேன். மூன்று இடத்தில் எண் வேறாக இருந்தது. அது சூட்டால் வந்ததா, அரைகுறைப் பயிற்சியால் வந்ததா என்று இனிமேல் சொல்ல முடியாது. மூன்றையும் மூலப் பக்கத்தைப் பார்த்துத் திருத்திவிட்டேன்.

கூலர் மாற்ற நினைக்கும் நண்பர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: முதலில் பழைய கூலரைக் கழற்றி, சுத்தம் செய்து, பேஸ்ட்டையும் பேட்டையும் மட்டும் புதிதாக்கிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். அப்படியும் போதாவிட்டால் மட்டும் கூலரை மாற்றுங்கள். மாற்றினால், நடுச்சில்லின் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் அதன் அக்கம்பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தோலாயிரம் பார் அட்டவணை முடிந்ததும் அடுத்த பதிவில் போடுகிறேன்.